முதல் ஷோவுக்கு நாய் இல்லாமல் போங்கள்

திண்டிவனத்தில் என் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். புல்தரையில் என் சிப்பிப்பாறை நாய் செம்பி கழுத்தை நீட்டி நிற்கும். பக்கத்தில் நான் மண்டியிட்டிருப்பேன். பம்புசெட் மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் வந்த வேலையை மறந்துவிட்டு அந்தப் படத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். போன வாரம் மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, பில் போட்ட பிறகும் நகராமல் நின்றார்.

"அண்ணே, எங்கிட்ட ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கு. ஷோவுல உடணும்னு ரொம்ப ஆசை. யாரைப் பாக்கணும், எவ்ளோ ஆவும், ஒண்ணுமே தெரியலண்ணே."

கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. "எழுதி வைக்கிறேன் தம்பி, பொறுமையா படி" என்றேன். இது அந்தத் தம்பிக்காக எழுதுவது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மயிலம் என்று நம் பக்கத்து ஊர்களில் இதே ஆசையோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். எனக்குத் தொடக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் பணமும் போனது, இரண்டு வருடமும் போனது.

"பேப்பர் பத்து நாள்ல வரும் சார்"

எனக்கு வீடு விழுப்புரம், கடை திண்டிவனம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது நாய்க்குட்டி கேட்டாள். ஒரு தரகர் மூலமாக லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினோம். "தாய், தகப்பன் ரெண்டுமே சாம்பியன் சார். பேப்பர் பத்து நாள்ல வரும்" என்றார். பத்து நாள் இரண்டு மாதமானது. அப்புறம் அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் குட்டிதான் ஜிம்மி. இன்றைக்கும் வாசலில் படுத்திருக்கிறான், வீட்டில் எல்லோருக்கும் அவன் மேல் உயிர். ஒரு வயதானபோது அவனை ஷோவில் விடலாமே என்று தோன்றியது. நுழைவுப் படிவத்தை வாங்கிப் பார்த்தால், பதிவு எண் எழுதவே ஓர் இடம் இருந்தது. எழுத என்னிடம் எண் இல்லை. சரி, ஷோ போகட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகுதான் பின்னங்கால்களை ஒரு மாதிரி இழுத்து நடக்க ஆரம்பித்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்றார். 'ஹிப் டிஸ்பிளேசியா'. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் பரம்பரையாக வருவது. "தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களா?" என்று கேட்டார். தாய் தகப்பன் யாரென்றே எனக்குத் தெரியாதே!

பேப்பர் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை அதைப் பணக்காரர்களின் பெருமைச் சீட்டு என்று நினைத்திருந்தேன். இந்த உயிர் யாருக்குப் பிறந்தது, அதன் முன்னோர் யார், இதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதற்கான சாட்சி அது.

ஆகவே தம்பி, முதல் வேலையாக உன் நாயின் பேப்பரை எடுத்துப் பார். இந்தியாவில் வம்சாவளி நாய்களைப் பதிவு செய்யும் முக்கிய அமைப்பு கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, எல்லோரும் கே.சி.ஐ. என்பார்கள். அதன் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. நமக்கு அது பெரிய வசதி. குட்டிகள் பிறந்ததும் பிரீடர் அந்த ஈற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் மைக்ரோசிப் போட வேண்டும். அரிசி மணி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். ஸ்கேனரைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். சான்றிதழில் அதே எண் இருக்கிறதா என்று குட்டியை வாங்கும் இடத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். நிலம் வாங்கினால் பட்டா மாற்றாமல் விடுவோமா? அதைப் போலத்தான்.

பேப்பர் இல்லாத நாய்க்கு வழியே இல்லையா என்றால், உண்டு. 'சிங்கிள் டாக் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. நாயை நேரில் பார்த்து, இனத்தின் இலக்கணத்துக்குப் பொருந்துகிறது என்று தகுதியுள்ளவர் சொன்னால், அந்த நாயைத் தனியாகப் பதிவார்கள். முன்னோர் பெயர்கள் இருக்காது, ஆனால் அந்த நாயிலிருந்து கணக்கு தொடங்கும். கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தும் எழுதி வைக்காத நம் நாட்டு இனங்களுக்கு இது பெரிய வாசல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து ரோட்டோரம் விற்பவரிடம், பரிதாபப்பட்டுக்கூட வாங்காதீர்கள். தாயின் மடியைவிட்டு சீக்கிரம் பிரித்த குட்டிக்கு உடம்பும் தேறாது, குணமும் தேறாது.

கையால் பார்க்கிற கலை

பேப்பர் விஷயம் தெளிந்த பிறகும் நான் உடனே நாய் வாங்கவில்லை. நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். ஷோ வட்டாரத்தில் பழக்கமான ஒரு பெரியவர், "சார், முதல் மூணு ஷோவுக்கு கைய வீசிக்கிட்டு வாங்க. வந்து சும்மா பாருங்க" என்றார். விடியற்காலை நான்கு மணிக்கு விழுப்புரத்தில் கிளம்பி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச்சாவடியும் தாண்டி, ஏழரைக்கெல்லாம் சென்னை மைதானத்தில் இருந்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கயிறு கட்டிய சதுரங்கள், அதுதான் ரிங். உள்ளே ஒரு நடுவர், கூடவே ஸ்டூவர்டு என்ற உதவியாளர். கையில் எண் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நாயோடு உள்ளே போகிறார்கள். நடுவர் நாயின் வாயைத் திறக்கிறார், தோளை அழுத்துகிறார், விலாவைத் தடவுகிறார், பின்னங்காலைப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு நேராக ஓடி வரச் சொல்கிறார், முக்கோணமாக ஓடச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்!

சின்ன வயதில் தாத்தா என்னை செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். உழவு மாடு பார்க்கும்போது அவரும் இப்படித்தான். வாயைத் திறந்து பல் பார்ப்பார். சுழி பார்ப்பார். திமிலில் கை வைப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் தள்ளி நின்று, "நடத்திக் காட்டுப்பா" என்பார். "கண்ணு ஏமாந்துடும்டா, கை ஏமாறாது" என்று என்னிடம் சொல்வார். ரிங்கில் அந்த நடுவரின் கை போன இடமெல்லாம் தாத்தாவின் கை போன இடங்கள்தான். நாய் ஷோ என்பது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற ஆடம்பரம் என்ற நினைப்பு அங்கேயே உடைந்தது. உருவத்தையும் நடையையும் பார்த்து, அடுத்த தலைமுறைக்கு எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் வேலை அது. நம் ஊர்ச் சந்தைக்குப் பழக்கமான வேலைதான்.

இதைப் போட்டியாக்கி, பதிவேடு வைத்து ஒழுங்குபடுத்தியது இங்கிலாந்து. 1859-இல் நியூகாசில் நகரில் நடந்த முதல் முறையான நாய் ஷோவில் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை வகைகள் மட்டுமே கலந்துகொண்டன. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் உருவானது. இன்று உலகம் முழுக்கப் பார்க்கும் கிரஃப்ட்ஸ் ஷோ தொடங்கியது 1891-இல். 1911-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய எஃப்.சி.ஐ. என்ற அமைப்பு, நாய் இனங்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வேட்டைக்குப் பார்வையை நம்பி ஓடும் ஒல்லி நாய்கள் பத்தாவது குழு.

பார்க்கிறவர்களில் பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நடுவர் இந்த நாயையும் அந்த நாயையும் ஒப்பிட்டு அழகியைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த ஒரு இலக்கணம் உண்டு. தலை எப்படி, கண் எந்த நிறம், முதுகுக் கோடு எப்படி, வால் எங்கே தொடங்கி எப்படி நிற்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நடுவர் நாயை அந்த இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கிறார். அதனால்தான் லாப்ரடாரும் பொமரேனியனும் கடைசிச் சுற்றில் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது.

சுற்றுகளின் வரிசையும் எளிதுதான். முதலில் ஒரே இனத்துக்குள், ஆண் தனி, பெண் தனி. அதற்குள் மைனர் பப்பி, பப்பி, ஜூனியர், இன்டர்மீடியட், இந்தியாவில் பிறந்தவை, ஓப்பன், சாம்பியன் என்று வயதையும் தகுதியையும் வைத்து வகுப்புகள். வகுப்பில் வென்றவை சேலஞ்ச் சர்டிபிகேட்டுக்கு மோதும். சி.சி. என்று எல்லோர் வாயிலும் கேட்பது இதைத்தான். வெவ்வேறு நடுவர்களிடம் போதுமான சி.சி. வாங்கினால் நாய்க்குச் சாம்பியன் பட்டம். அன்றைய நாளில் இனத்தில் சிறந்தது குழுவுக்குப் போகும், குழுவில் சிறந்தது 'பெஸ்ட் இன் ஷோ'வுக்குப் போகும்.

பார்க்கப் போனால் ஒரே ரிங்கின் ஓரத்தில், உங்களுக்குப் பிடித்த இனம் முடியும்வரை உட்காருங்கள். நடுவர் யாரை முதலில் நிறுத்துவார் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, பிறகு அவர் செய்வதைப் பாருங்கள். முதல் ஷோவில் என் கணிப்பு ஒன்றுகூடச் சரிவரவில்லை. மூன்றாவது ஷோவில் பாதி சரியாக வந்தது. கண் அப்படித்தான் பழகும். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் பிரீடர்களிடம் பேசுங்கள். ரிங்குக்குள் நுழையப் போகிறவரிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவருடைய நாயைக் கேட்காமல் தொடவும் வேண்டாம்.

எந்த இனம்?

நம் ஊர் வெயிலை முதலில் நினையுங்கள். மே மாதம் விழுப்புரத்தில் நாமே மின்விசிறிக்குக் கீழிருந்து எழ மாட்டோம். அங்கே பனிக்காகப் பிறந்த ஹஸ்கியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏ.சி. போட்டு அடைத்துவைப்பது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். மூக்கு தட்டையான பக் போன்ற இனங்கள் வெயிலில் மூச்சுக்குத் திணறும். 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களைப் பற்றிப் பேசியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நான்கு நாட்டு இனங்களையும் முன்வைத்தது.

நான் நாட்டு இனத்துக்குத் திரும்பியதற்குக் காரணம் ஒரு புத்தகம். தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் 2017-இல் வெளியிட்ட இந்திய நாய்கள் பற்றிய நூல். தபால் துறையில் உயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியவர். நம் இனங்கள் எப்படி உருவாயின, எப்படிக் குறைந்தன என்று அவர் சொல்லியிருப்பதைப் படித்த பிறகு, வேறு இனத்தைத் தேட மனம் வரவில்லை. அதே தபால் துறை 2005 ஜனவரி 9 அன்று நான்கு இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டு இனங்கள் நான்கையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜபாளையம் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நல்ல உயரம், காவலுக்குப் பெயர்பெற்றது. இந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை வரும். வாங்குவதற்கு முன் குட்டிக்குப் பின்னால், அது பார்க்காதபோது கை தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனியாக வைத்துத் தட்டிப் பாருங்கள். கூட்டமாக இருந்தால் மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துக் காது கேளாததும் திரும்பிவிடும். கோம்பை, தேனிப் பக்கத்து நாய். செம்பழுப்பு உடம்பு, கரிய முகவாய், கட்டுமஸ்தான உடல். அனுபவம் இல்லாதவர் முதல் நாயாக எடுக்க வேண்டாம் என்பேன். கன்னியும் சிப்பிப்பாறையும் தென்மாவட்டக் கரிசல் காட்டின் வேட்டை நாய்கள். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால். இரண்டும் ஒரே இனத்தின் வெவ்வேறு நிறங்களா, தனித்தனி இனங்களா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஊர்க்காரர்கள் மயிலை, செவலை, சாம்பல், கருங்கன்னி, பால்கன்னி என்று நிறத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள். மாட்டுக்குச் சொல்லும் அதே மயிலையும் செவலையும்!

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாட்டு நாய் இனங்களில் இரண்டு தமிழ்நாட்டினுடையவை, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். கே.சி.ஐ.யும் நம் இனங்களை ஏற்று ஷோக்களில் அனுமதிக்கிறது. எஃப்.சி.ஐ.யின் உலகப் பட்டியலில் மட்டும் இன்னும் இடம் இல்லை. அங்கே போக வேண்டுமென்றால் பல தலைமுறைகளின் பதிவு வேண்டும். நாம் ஒவ்வொருவரும் நம் நாயைப் பதிந்து ஷோவுக்குக் கொண்டுபோனால்தான் அந்தக் கணக்கு சேரும்.

செம்பியைச் சாத்தூர் பக்கத்திலிருந்து அழைத்து வந்தோம். பேப்பர், சிப், தாயை நேரில் பார்த்தது எல்லாம் சரி. எட்டு வாரம் முடிந்து மூன்று நாள். மதுரை, திருச்சி வழியாக வீடு வரும்வரை மகள் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது.

இரண்டு நிமிடத்துக்காக ஒரு வருடம்

ரிங்கில் உங்கள் நாயை நடுவர் பார்ப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நாய் பயப்படாமல், சலிக்காமல், அந்நியர் கையைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதை வீட்டு முற்றத்தில் மட்டும் பழக்கிவிட முடியாது.

தடுப்பூசிகள் முடிந்து மருத்துவர் வெளியே விடலாம் என்ற பிறகு, செம்பியைத் தினமும் கடைக்குக் கூட்டிவந்தேன். போக வர 75 கிலோமீட்டருக்கு மேல். கார் பயணம் அதற்குப் பழகிவிட்டது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரி ஹாரன் அடித்தால் முதல் வாரம் சீட்டுக்கு அடியில் போய் ஒளியும். இரண்டாம் மாதம் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்களும் பெட்டி தூக்கிகளும் போகிற இடத்தில் அரை மணி நேரம் சும்மா நிற்போம். ஒலிபெருக்கிச் சத்தம், கூட்டம், தரையில் உருளும் பெட்டிகள், எல்லாமே ஷோ மைதானத்திலும் இருக்கும்.

கடைக்கு வருகிறவர்கள்தான் எனக்கு நடுவர்கள். விவசாயி, பிளம்பர், ஆட்டோ ஓட்டுநர் என்று யார் வந்தாலும், "அண்ணே, கொஞ்சம் இது வாயைத் திறந்து பல்லு பாருங்களேன்" என்பேன். முதலில் தயங்கினார்கள். மாடு வளர்த்த கைகள் ஆயிற்றே, அப்புறம் என்னைவிட அழகாகப் பார்த்தார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். பெரும்பாலான இனங்களில் மேல்வரிசை கத்தரிக்கோல் போலக் கீழ்வரிசையை ஒட்டி முன்னால் இறங்க வேண்டும். ஆண் நாய் என்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கிறதா என்று நடுவர் தொட்டுப் பார்ப்பார். அதற்கும் நாயைப் பழக்க வேண்டும்.

நிற்க வைப்பதை ஷோக்காரர்கள் 'ஸ்டாக்' என்பார்கள். நான்கு கால்களும் அதனதன் இடத்தில், கழுத்து நிமிர்ந்து, பார்வை முன்னால். ஆரம்பத்தில் ஐந்து விநாடி நின்றால் போதும், ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். பிறகு பத்து, இருபது என்று கூட்டலாம். ஒரு பழைய கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் முன் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் மேலிருந்து பார்க்கும் நாய் வேறு, நடுவர் பக்கவாட்டில் பார்க்கும் நாய் வேறு. ஓடும்போது நடுவருக்கும் நாய்க்கும் குறுக்கே நீங்கள் வரவே கூடாது. காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் மகளை நடுவராக நிறுத்திவைத்து, முக்கோணமாக ஓடி ஓடி இதைப் பழகினோம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதே, அப்போது மைதானமெல்லாம் குளமாக இருந்தது. இரண்டு வாரம் மொட்டை மாடியில்தான் பயிற்சி. அந்த மழைக்குப் பின்னால் உண்ணித் தொல்லையும் கூடியது. உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்து நாய்களைக் கொல்கிற நோய். எர்லிக்கியா, பேபிசியா என்று இரண்டு வகை அதிகம் வரும். நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பினால், ஈறு வெளுத்திருந்தால், காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரிய சிகிச்சை என்றால் நமக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி இருக்கிறது.

ஷோ நாள்

நுழைவு முன்கூட்டியே முடிந்துவிடும். அன்று காலை போய்ப் பெயர் கொடுக்க முடியாது. சமவெளியில் ஷோக்கள் பெரும்பாலும் குளிர்மாதங்களில். மே மாதம் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப்பின் பழைமையான ஷோ நடக்கும். ஏற்காடு கோடை விழாவில் கால்நடைத் துறை நடத்தும் நாய் கண்காட்சியும் உண்டு. புதியவருக்கு அது நல்ல வெள்ளோட்டம்.

எடுத்துப்போக வேண்டியவை: பதிவுச் சான்றின் நகல், தடுப்பூசி அட்டை, படுக்கப் பழகிய கூண்டு, தார்ப்பாய், வீட்டுத் தண்ணீர் இரண்டு கேன், மெல்லிய ஷோ கயிறு, ஈரத் துண்டு. குளிப்பாட்டுவதை இரண்டு நாள் முன்னதாக முடித்துவிடுங்கள், முடி படிந்து நிற்கும். காலையில் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். காரில் நாயை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவே கூடாது. பூட்டிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

என் முதல் ஷோவில் செம்பிக்கு ஐந்தில் நான்காம் இடம். ரிங்கை விட்டு வெளியே வந்தபோது மகள் கண்ணில் தண்ணீர். வகுப்புகள் எல்லாம் முடிந்ததும் நடுவரிடம் போய், "இதில் என்ன குறை சார்?" என்று பணிவாகக் கேட்டேன். தோள் அமைப்பு நன்றாக இருக்கிறது, பின்தொடையில் சதை வலு போதவில்லை, இந்த இனம் ஓட வேண்டும் என்றார். உண்மைதான். நான் அதற்கு நிற்கக் கற்றுக்கொடுத்தேன், ஓட விடவில்லை. இந்த வகை நாய் முழு வேகத்தில் பாயும்போது ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். அப்படிப்பட்ட உடம்பைக் காரிலும் கடையிலும் வைத்திருந்தேன்.

அதன்பின் வாரம் மூன்று நாள் விடியலில் மரக்காணம் கடற்கரை மணல். நீளக் கயிற்றில் ஓட்டம். ஆறு மாதத்தில் தொடை திரண்டது. அடுத்த ஷோவில் வகுப்பில் முதலிடம். கடையில் இருக்கிற படம் அன்றைக்கு எடுத்தது. ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த நான்காம் இடம்தான்.

ரிப்பன் எதற்கு?

செலவைக் கேட்டாய் தம்பி. நுழைவுக் கட்டணம் பெரிய பாரம் இல்லை. பெட்ரோல், சுங்கம், தங்கும் இடம், மருத்துவம், நல்ல சாப்பாடு, இவைதான் மாதா மாதம் கேட்கும். பரிசாகப் பணம் வந்து சேரும் என்று கணக்குப் போட்டு வர வேண்டாம். கோப்பையும் ரிப்பனும்தான் வரும்.

ரிப்பன் வந்த மறுநாளே "குட்டி போடுமா, எவ்ளோ?" என்று போன் வரும். அங்கேதான் மனசு திடமாக இருக்க வேண்டும். இனப்பெருக்கத்துக்குத் தகுதியுள்ள நாய் எது என்று கண்டறியவே ஷோ தொடங்கியது. தகுதி என்பதில் மூட்டு, காது, கண், குணம் எல்லாம் சேரும். இவற்றைப் பரிசோதிக்காமல் ரிப்பனை மட்டும் காட்டி ஈற்றுக்கு மேல் ஈற்று எடுப்பவர், ஜிம்மியை எனக்கு விற்ற தரகரின் வேலையைத்தான் செய்கிறார். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுவதும் அப்படியே. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. வால் ஒட்ட வெட்டிய குட்டியைப் பெருமையாகக் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

தோற்ற நாயை ரிங்கின் ஓரத்தில் அடித்த ஒருவரை ஒருமுறை பார்த்தேன். அந்த நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாலைக் கால்களுக்கிடையில் வைத்திருந்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதற்கு நான்காம் இடம் என்றால் என்னவென்று தெரியாது. உங்களோடு வந்தது என்று மட்டும் தெரியும். கோபம் வருகிறவர் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மரக்காணம் தம்பிக்கு முடிவாகச் சொல்வது இதுதான். உன் ஜெர்மன் ஷெப்பர்டின் பேப்பரை எடு, சிப் எண்ணைச் சரிபார், இடுப்புக்கு எக்ஸ்ரே எடு. பேப்பர் இல்லையென்றாலும் அவன் உன் நாய்தான், அன்பில் ஒரு பிடி குறைக்காதே. அடுத்து சென்னையில் எந்த ஷோ நடந்தாலும் எனக்குச் சொல். விடியற்காலை நான்கு மணிக்கு விழுப்புரத்தில் கிளம்பி, ஐந்துக்கெல்லாம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்பேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. அன்றைக்கு நாய்கள் வீட்டில் இருக்கட்டும். நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.